ஸ்டோர்ச் சுவரோரம் நின்ற கார்

1974, ஆகஸ்டு. மாமனார் தமது காரை என் மனைவியின் பெயருக்கு மாற்றிக் கொடுத்தார்.

1977, பிப்ரவரி. மனைவியின் இதய வால்வு ஒன்று சுருங்கியிருப்பதாக மதுரை மருத்துவர் கூறினார். ஜீப்பிலும் பஸ்ஸிலும் மலையேறக் கூடாது என்றார்.

1979, மே. காரின் இடதுபக்கத் தளத்தில் துரு காணப்பட்டது. முதல் ஒட்டு வைக்கப்பட்டது.

1982, அக்டோபர். மலைத் தோட்டத்தில், ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரை ஒட்டிய கொட்டகையிலிருந்து கார் வெளியே எடுத்து நிறுத்தப்பட்டது.

1984, ஜூலை. போடிநாயக்கனூர்ப் பட்டறையில் காரின் இடதுபக்கம் மடிந்தது.

1984, செப்டம்பர். மனைவி காலமானார்.

1985, மார்ச். பதிவு செய்திருந்த புதிய கார் தயாராக இருப்பதாக அஞ்சலட்டை வந்தது.

மேலே உள்ளவை நடந்தவை. இவற்றோடு சேர்த்து எழுத ஒன்றும் இல்லை என்றே இதுவரை நினைத்திருந்தேன். சென்ற வாரம் என் மைத்துனர், மனைவியின் தம்பி, மலையிலிருந்து இறங்கி வந்தார். வீட்டுக் கொல்லையில் நிற்கும் காரை ஒருமுறை சுற்றி வந்துவிட்டு, "மச்சான், இத எடைக்குப் போட்டுறலாமா?" என்று கேட்டார். யோசித்துச் சொல்வதாகக் கூறி அனுப்பினேன். யோசிப்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

அது ஐம்பதுகளில் வந்த கார். கரும்பச்சை நிறம், உருண்ட முதுகு, ஒருவர் காலை நீட்டிப் படுக்கும் அளவுக்கு அகலமான பின்னிருக்கை. அதன் அமைப்பைப் பற்றி ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும். ஜீப்புக்கும் லாரிக்கும் அடியில் கனத்த இரும்புச் சட்டம் உண்டு. மேற்கூடு அரித்துப் போனாலும் சட்டம் சுமக்கும். இந்தக் காருக்குச் சட்டம் கிடையாது. இருபுறமும் கதவுகளுக்குக் கீழே, முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம்வரை ஓடும் இரண்டு நீண்ட தகரப் பெட்டிகள்தாம் அதன் எலும்பு. அவை இருக்கும்வரை கார் இருக்கும். பெட்டியின் உட்புறத்தை யாராலும் பார்க்க முடியாது. துருவுக்கு அதுவே வசதி.

என் மனைவிக்குச் சீதனமாக வந்த ஏலத்தோட்டம் போடிமெட்டுக் கணவாயைத் தாண்டி, மழை விழும் மறுபுறச் சரிவில் இருக்கிறது. சீதனத் தோட்டத்தை உடன்பிறந்தவனிடமோ கணவனிடமோ விட்டுவிட்டு விளைச்சலை மட்டும் கேட்டுக்கொள்ளும் பெண்களே எங்கள் பக்கத்தில் அதிகம். இவள் அவ்வாறு இருக்கவில்லை. ஆடியில் காய் எடுக்கத் தொடங்கும்போது மேலே போவாள். தையில் கடைசிச் சுற்று முடிந்த பிறகே இறங்குவாள். நான் கீழே, எங்கள் ஊரான போடியில், ஒரு கல்லூரியில் வேதியியல் கற்பித்தேன். ஆடியில் ஒரு சனிக்கிழமை அவளைக் காரில் கொண்டுபோய் விட்டுவிட்டு மறுநாள் பஸ்ஸில் திரும்புவேன். கார் அவளோடு மேலே இருக்கும். அவ்வப்போது வார இறுதிகளில் போய்ப் பார்ப்பேன். எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. ஆண்டில் பாதி பிரிந்தும் பாதி சேர்ந்தும் வாழ்ந்தோம். இருவரும் அதைக் குறையாகக் கருதவில்லை.

தோட்டத்து வேலைகளில் அவள் யாருக்கும் விட்டுக்கொடுக்காதது காய் உலர்த்துவது. மலையில் ஸ்டோர் என்றால் கடையல்ல. ஏலக்காய் உலர்த்தும் கட்டடம். வெளியே அடுப்பில் விறகு எரியும். அதன் சூடு பெரிய தகரக் குழாய் வழியே மூடிய அறைக்குள் ஓடும். கம்பிவலைத் தட்டுகளில் பரப்பிய பச்சைக் காய் அந்தச் சூட்டில் வியர்த்துச் சுருங்கி உலரும். உலர்ந்துவிட்டதா என்று அறிய அவள் ஒரு கைப்பிடி எடுத்துக் காதருகே வைத்துக் குலுக்குவாள். நானும் குலுக்கிப் பார்த்திருக்கிறேன். எனக்கு எல்லாம் ஒன்றுபோலவே கேட்டது.

பக்கத்துத் தோட்டம் மைத்துனருடையது. ஸ்டோர் இருவருக்கும் பொது. அவர் அவசரக்காரர்.

"அக்கா, போதும்க்கா. ஜீப்பு நிக்குது, சாக்குல அள்ளிருவோம்."

"இது இன்னும் பேசல தம்பி. கதவ மூடு."

"ஒனக்கு மட்டும் எப்படித்தான் பேசுதோ! எங்கிட்ட ஒரு நாளும் பேச மாட்டேங்குது."

"நீ எங்க அத பேச விட்ட? நீயேல்ல பேசிக்கிட்டு இருக்க."

மழைக்காலத்தில் அந்தச் சரிவில் எதுவும் காய்வதில்லை. உப்பு நீராகும். தீப்பெட்டி நமத்துவிடும். பெட்டிக்குள் மடித்து வைத்த வேட்டியில் பூஞ்சணம் பூக்கும். ஸ்டோரின் சுவர் ஒன்றுதான் உள்ளிருக்கும் சூட்டால் எந்நேரமும் கதகதப்பாக இருக்கும். ஆகவே, கெட்டுவிடக் கூடாத எதையும் அந்தச் சுவரோடு ஒட்டி வைப்பது மலையில் எல்லோருக்கும் பழக்கம். கம்பளியும் தலையணையும் பள்ளிக்கூடப் புத்தகமும் அங்கே போகும். பிள்ளை பெற்றவளின் கட்டிலைக்கூட அங்கே போடுவார்கள். கார் வந்த ஆண்டே, மனைவி அந்தச் சுவரை ஒட்டித் தகரக் கொட்டகை ஒன்று இறக்கச் சொன்னாள்.

"பாவம், வயசான வண்டி. அதுவும் கொஞ்சம் குளிர் காயட்டும்" என்றாள்.

அங்கிருந்த எவருக்கும் அது சரியாகவே பட்டது. எனக்கும் பட்டது.

1977-இல் அவளுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. சிறுவயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் இதயத்தில் விட்டுச்சென்ற சேதம் என்று மதுரையில் கண்டுபிடித்தார்கள். மருத்துவர் சொல்லச் சொல்ல அவள் தலையசைத்துக் கேட்டுக்கொண்டாள். முடித்ததும் தன் கேள்வியை எடுத்தாள்.

"ஜீப்பு ஆகாது, பஸ்சு ஆகாது. சரி. கார்ல போகலாமா டாக்டர்?"

"எங்க போகணும்?"

"மெட்டுக்கு அந்தப் பக்கம். எந்தோட்டத்துக்கு."

அவர் என்னைப் பார்த்தார். "பின் சீட்டுல படுத்துக்கிட்டு, ரொம்ப மெதுவாப் போறதா இருந்தா போகலாம்."

"மெதுவாவா? இவரு ஓட்டுனா மாட்டுவண்டிக்காரன் பின்னாடி நின்னு சத்தம் போடுவான்" என்றாள்.

மருத்துவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பை அவள் அனுமதியாக எடுத்துக்கொண்டாள். அன்றுமுதல் அவள் மலைக்குப் போவதும் போகாமலிருப்பதும் அந்தக் காரின் இரண்டு தகரப் பெட்டிகளைப் பொறுத்ததாயிற்று. புதிய கார் வேண்டுமென்றால் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டிய காலம் அது, பதிவு செய்தேன். போடியில் வாடகைக்கு ஓடிய ஒன்றிரண்டு கார்களின் சொந்தக்காரர்கள் கொண்டை ஊசி வளைவுகளில்கூட ஏறுவார்கள். அதற்கப்பால் தோட்டத்துச் சேற்றுப் பாதைக்கு மழையில் வர மறுத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

1979 கோடை விடுமுறையில் காரைக் கழுவுகையில் முன்னிருக்கையின் கால்விரிப்பை எடுத்தேன். அதன் கீழே தளம் செம்பழுப்பாக, அடுக்கடுக்காக உரிந்திருந்தது. விரலால் அழுத்தினேன். விரல் தகரத்தின் வழியே வெளியே போயிற்று.

போடியில் தகர வேலை செய்யும் பட்டறைக்காரர் ஒருவரிடம் கொண்டுபோனேன். வாயாடி, சொன்ன கிழமையில் எதையும் முடித்துக் கொடுத்ததில்லை, வேலை மட்டும் சுத்தம். துருவை வெட்டி எடுத்து, புதிய தகரத்தை வைத்துப் பற்றவைத்துக் கொடுத்தார். அடுத்த ஆண்டு அந்த ஒட்டுக்கு அருகிலேயே இன்னோர் ஒட்டு. அதற்கடுத்த ஆண்டு இரண்டையும் வெட்டிவிட்டுப் பெரியதாக ஒன்று.

"சார், இதுல வந்த தகரம் பாதி, நான் வச்ச தகரம் பாதி. ஆர்.சி. புக்குல எம்பேரையும் சேத்து எழுதிக் குடுங்க" என்றார்.

இரும்பு துருப்பிடிக்க நீரும் காற்றும் போதும் என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதியவன் நான். பாடத்தில் இல்லாத ஒன்றைப் பட்டறையில் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓர் ஒட்டு நிற்க வேண்டுமானால், அதைச் சுற்றிலும் நெருப்பைத் தாங்கும் நல்ல தகரம் வேண்டும். மெலிந்த தகரத்தில் தீ பட்டதும் அது ஒட்டாமல் சுருண்டு கரைந்துவிடும், ஓட்டை பெரிதாகும். நல்ல விளிம்பைத் தேடி மேலும் வெட்ட வேண்டும். ஒவ்வொரு முறையும் அந்த விளிம்பு சற்றுத் தள்ளிப் போயிருந்தது.

கோடைதோறும் நான் செய்யக்கூடியதைச் செய்தேன். கொல்லையில் காரின் ஒரு பக்கத்தைக் கல்லடுக்கி உயர்த்திவிட்டு, முதுகின் கீழே சாக்கை விரித்துப் படுத்து, மட்கார்டுக்குள் இறுகியிருந்த மலைச்சேற்றைக் கரண்டியால் சுரண்டினேன். உப்புத்தாளால் தேய்த்தேன். ரெட் ஆக்சைடு பூசினேன். அது காய்ந்த பின், கழிவு ஆயிலில் மண்ணெண்ணெய் கலந்து அடிப்பகுதி முழுவதும் அடித்தேன். மாலையில் என் தலைமுடியிலிருந்து அந்த ஆயில் போகாது. மனைவி பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, என் கால்களை மட்டும் பார்த்துப் பேசிக்கொண்டிருப்பாள்.

"உள்ள ஆள் இருக்கா? சோலி முடிஞ்சதா?"

"இல்லை."

"காலேஜுக்குப் போற கால் மாதிரியே இல்ல. எங்க வீட்டுக்காரரு கால்தானான்னு சந்தேகமா இருக்கு. கொஞ்சம் மொகத்தையும் காட்டுங்க."

தலையை வெளியே நீட்டுவேன். "அவருதான்" என்று உறுதி செய்துகொண்டு காப்பியைக் கொடுப்பாள்.

அந்த ஆண்டுகளில் எனக்கு விளங்காத ஒன்று இருந்தது. எல்லா ஒட்டுகளும் இடதுபக்கமே விழுந்தன. வலதுபக்கம் துருவே இல்லை என்பதல்ல. ஒரு பழைய காருக்கு உரிய அளவோடு நின்றிருந்தது. சாலையின் ஓரச் சேறு காரணமாக இருக்கலாம் என்று எண்ணினேன்.

1982 அக்டோபர் விடுமுறையில் தோட்டத்தில் தங்கியிருந்தேன். அந்தச் சரிவில் அரிதாக நேரும் தெளிந்த காலை அது, மூடுபனி இல்லை. முதல்நாள் எடுத்த காய் முழுவதும் ஸ்டோருக்குள் வெந்துகொண்டிருந்தது. சுவரின் மேற்பகுதியில், காயிலிருந்து கிளம்பும் ஆவி வெளியேற வரிசையாகத் துளைகள் விட்டிருப்பார்கள். மற்ற நாள்களில் அந்த ஆவி பனியோடு கலந்துவிடும். தனியாகக் கண்ணுக்குத் தெரியாது. அன்று தெரிந்தது. துளைகளிலிருந்து வெள்ளையாக வெளிவந்து, கொட்டகையின் தகரக் கூரையில் உட்புறமாக முட்டி, சுவரை ஒட்டி நின்ற காரின் இடதுபுறத்தின் மேல் படிந்துகொண்டிருந்தது. கதவில் கை வைத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது; கை முழுவதும் நனைந்தது. ஒரு மூட்டைப் பச்சைக் காய் உலர்ந்தால் அதில் பெரும்பகுதி நீராகவே வெளியேறுகிறது. எட்டு மழைக்காலங்களாக அந்த நீரை நாங்கள் காருக்குக் கொடுத்து வந்திருக்கிறோம், இளஞ்சூடாக. குளிர்ந்த மழையில் நின்றிருந்தால் இதைவிடக் குறைவாகவே அரித்திருக்கும்.

அன்றே காரை வெளியே எடுத்து, காற்று வீசும் மேட்டில் நிறுத்தினேன். மழை பெய்தால் நனையும்; நின்றதும் காற்றில் உலரும். மனைவி கேட்டபோது, விறகு அடுக்கக் கொட்டகை வேண்டியிருக்கிறது என்று சொன்னேன். சுவரோரம் நிறுத்தச் சொன்னது அவள் என்பதால் வேறு காரணம் சொல்லத் தோன்றவில்லை.

மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. அவள் சன்னலருகே அமர்ந்து, மேட்டில் நனைந்துகொண்டிருந்த காரைப் பார்த்தபடியே இருந்தாள். சாப்பிடும்போது, மைத்துனரும் உடனிருக்க, பொதுவாகச் சொல்வதுபோலச் சொன்னாள்:

"எங்கப்பாவும் அப்படித்தான். உழவுக்கு ஆகாத மாட்டத்தான் வெளிய கட்டுவாரு."

மைத்துனர் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். இனி அவள் மலைக்கு வரப்போவதில்லை என்று நான் முடிவு செய்துவிட்டதாக அவள் எண்ணிவிட்டாள் என்பது எனக்குப் புரிந்தது. சோற்றுக் கையோடு எழுந்து, குடை பிடித்து அவளை ஸ்டோர் வாசலுக்கு அழைத்துச் சென்று துளைகளைக் காட்டினேன். ஆவி எங்கே போகிறது என்பதைச் சொன்னேன். வகுப்பில் சொல்வதுபோலச் சொன்னேன். வேறு விதமாகச் சொல்ல எனக்குத் தெரியாது.

முழுவதும் கேட்டாள். பிறகு சிரிக்கத் தொடங்கி, இருமல் வந்து நிறுத்தினாள்.

"அப்ப நாந்தான் வண்டியப் புட்டு மாதிரி அவிச்சிருக்கேன்."

"நாம எல்லாரும்தான்."

"தம்பி, இங்க வா" என்று வீட்டுப் பக்கம் பார்த்துக் கூப்பிட்டாள். "கெமிஸ்ட்ரி வாத்தியாரு கண்டுபிடிச்சிட்டாரு. காய் வேகுற எடத்துல கார நிப்பாட்டுனா காரும் வேகுமாம்."

அன்றிரவு அவள் நன்றாகச் சாப்பிட்டாள். நான் கைவிடவில்லை என்பது அவளுக்கு அப்போது போதுமானதாக இருந்தது. பெட்டிகளின் உட்புறத்தைப் பற்றி அவளும் கேட்கவில்லை, நானும் பேசவில்லை.

1983-இல் வெளித்தெரியும் இடங்களில் துரு ஏறத்தாழ நின்றது. அந்த ஓராண்டு நான் நம்பினேன் என்று எழுதினால் அது மிகையாகாது. அந்த ஆடியிலும் அவள் படுத்தபடியே வளைவுகளைக் கடந்து மேலே போனாள்.

1984 ஜூலையில், மேலே போகும் முன்பு, காரைப் பட்டறையில் விட்டேன். பட்டறைக்காரர் இடதுபக்கப் பெட்டியின் ஓரிடத்தைத் தட்டிப் பார்த்தார். சத்தம் தகரத்தின் சத்தமாக இல்லை. அங்கே வெட்டித் திறந்தார். உள்ளே பெட்டி நிறையக் கறுத்த ஈரச்சேறு. அதனுள் மக்கிய ஏலக்காய்த் தோல்கள். பட்டறை முழுவதும் ஏலக்காய் மணத்தது.

"என்ன சார், பாயாசம் வச்சிருக்கீங்க உள்ள?" என்றார். பிறகு விரலை விட்டு நெடுகத் தடவிப் பார்த்தார். அதற்குப் பின் அவர் வேடிக்கை பேசவில்லை.

சேற்றை வழித்தெடுத்தபின், பின்பகுதியைப் பார்க்க ஜாக்கியை வைத்து உயர்த்தினார். ஜாக்கி காரைத் தூக்கவில்லை, காருக்குள் ஏறியது. தகரம் பழைய துணியைப் போல ஓசையின்றிக் கிழிந்தது. இடதுபக்கம் நடுவில் தாழ்ந்து மடிந்தது. பின்கதவு சட்டகத்தில் இறுகி, திறக்க வரவில்லை.

"இதுக்கு மேல வெல்டிங் புடிக்க எடம் இல்ல சார்" என்றார் அவர்.

வீட்டுக்கு நடந்து வந்தேன். கூடத்தில் அவளுடைய துணிப்பெட்டி கட்டித் தயாராக இருந்தது. மேலே கம்பளி மடித்து வைத்திருந்தாள்.

"எப்பக் குடுக்குறாராம்?"

"குடுக்க மாட்டார்."

என் முகத்தைப் பார்த்தாள். "பெட்டி போச்சா?"

"போச்சு."

"எந்தப் பக்கம்?"

"இடது."

"இடதுதான போகும்" என்றாள்.

இரண்டு நாள் கழித்து மைத்துனர் ஜீப்போடு இறங்கி வந்தார். பின்னால் மெத்தை போட்டிருந்தார். "அக்கா, வெரசா ஓட்ட மாட்டேன். ஒரு வளைவுக்கு ஒருதடவ நிப்பாட்டி நிப்பாட்டிக் கொண்டு போறேன். வா" என்றார்.

அவள் வாசலுக்கு வந்து அந்த மெத்தையைத் தொட்டுப் பார்த்தாள்; கையால் அழுத்தியும் பார்த்தாள். வருவாள் என்றே நான் எண்ணினேன்.

"வேணாம் தம்பி. நடுவுல எனக்கு ஒண்ணு ஆயிட்டா, ஓட்டிக்கிட்டுப் போனவன்னு காலத்துக்கும் நீ கெடந்து மருகுவ. போ. அடுப்ப மட்டும் ஒரே சீரா எரி."

"நீ இல்லாம காய் எங்கிட்டப் பேசாதேக்கா."

"பேசும். நீ வாய மூடிக்கிட்டு இரு, பேசும்."

ஆவணியில் முதல் உலர்ப்பிலிருந்து ஒரு சிறு பை ஜீப்பில் வந்தது. அப்போது அவளால் எழுந்து உட்காரத்தான் முடிந்தது. பையைப் பிரித்து, ஒரு கைப்பிடி எடுத்துக் காதருகே குலுக்கினாள். வீட்டில் வேறு சத்தம் எதுவும் இல்லை. நான் காத்திருந்தேன்.

"பேசல. இன்னும் ஒரு ராத்திரி கெடக்கணும். சொல்லி அனுப்புங்க" என்றாள்.

சொல்லி அனுப்பினேன். பதில் வருவதற்கு முன் அவள் இறந்தாள். போடியிலேயே எரியூட்டினோம். தோட்டத்து ஆள்கள் ஜீப்புகளில் இறங்கி வந்து அன்றே ஏறிப் போனார்கள்.

பட்டறைக்காரர் இடத்தை அடைக்கிறது என்று சொல்லும்வரை காத்திருந்துவிட்டு, காரை லாரியில் ஏற்றிக் கொல்லைக்குக் கொண்டுவந்தேன். அடுத்த மார்ச்சில் வந்த அஞ்சலட்டைக்கு, வண்டி தேவையில்லை என்று பதில் எழுதினேன். சில ஆண்டுகள் மழைக்கு முன்பு அடிப்பகுதிக்குக் கழிவு ஆயில் அடித்தேன், பிறகு விட்டுவிட்டேன். போடியின் வறண்ட காற்றில் துரு மெதுவாகவே நடக்கிறது. இங்கேயே நின்றிருந்தால் அந்தக் கார் இன்றும் ஓடும். ஆனால் இங்கே ஓடுவதற்காக யாரும் அதைக் காக்கவில்லை.

செய்யாமல் நிற்கும் வேலைகள்:

இடதுபக்கப் பெட்டியின் பின்பாதிக்கு உட்தகரம் வைப்பது.

வலதுபக்கப் பெட்டியின் வடிகால் துளைகளைக் குத்திவிடுவது.

இறுகிய பின்கதவைத் திறந்து, இருக்கையில் உள்ள இரண்டு தலையணைகளையும் வெளியே எடுப்பது.

ஸ்டோரின் ஆவித்துளைகளை மறுசுவருக்கு மாற்றச் சொல்வது. கொட்டகையில் இப்போது மைத்துனர் தம் ஜீப்பை நிறுத்துகிறார்.

எடைக்குப் போடுவதைப் பற்றி அவருக்குப் பதில் சொல்வது.